இருட்டில் விழுந்த கோல்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நாம் பழைய கதையை எடுத்ததுமே சின்னவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது நாம்தான். நமக்குள் என்ன ஒளிவுமறைவு? ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் என்னோடு பாண்டி ஆடிய, இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற தோழிமாரே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள். நாற்பத்தெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அதுகூட வேண்டாமா?

விஷயம் ஃபுட்பால். சிரிக்காதீர்கள். எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் இந்தத் தீவில் ஃபுட்பால் பேச்சு காதில் விழாமல் எவளாலும் குடித்தனம் நடத்த முடியாது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்துப் பேட்டை ஜங்லிகாட்டில், எங்கள் ஸ்கூட்டர் பட்டறைக்கு எதிரே ஒரு மலையாளி டீக்கடை. சீசன் முடிகிற மாதங்களில் அங்கே வந்து பாருங்கள். கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு போனில் எல்லா ஊர் ஆட்டமும் வருகிறது. எந்த டீம் சாம்பியன் ஆகும், எது கோப்பை ஃபைனலில் சொதப்பும், எது மேல் டிவிஷனுக்கு ஏறும், எது கீழே விழும் என்று காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். பெங்காலி ஒரு டீம், மலையாளி ஒரு டீம், நம்மாட்களுக்கு அன்றைக்கு எவன் எதிர்க்கட்சியோ அவனுக்கு எதிர் டீம். எல்லாம் பேசி முடித்து கிளாஸைக் கழுவுகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் மெல்ல எடுத்துக்கொடுப்பார். "அதெல்லாம் சரி, அன்னைக்கு ஹேடோ அடிச்சது கோலா இல்லையா?"

அவ்வளவுதான். கடை மறுபடி நிறைந்துவிடும். ஏனென்றால் அந்த வழக்கின் இரண்டு கட்சிக்காரர்களும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கோல் வாங்கிய கீப்பர் என் மாமனார், எண்பத்தொன்று ஆகிறது. கோல் அடித்தவர் என் அம்மாவின் தம்பி; அறுபத்தொன்பது. இரண்டு பேரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே குழப்பம் வராமல் இருக்க ஒருவரை மாமனார் என்றும் ஒருவரைத் தாய்மாமன் என்றும் எழுதுகிறேன்.

"வெளியே போன பந்து," என்பார் மாமனார். "வலைக்குள்ள கெடந்துச்சு," என்பார் தாய்மாமன். இதற்கு மேல் இரண்டு பேருக்கும் சாட்சியம் கிடையாது. சாட்சி நான்தான். அவர்கள் சண்டை போடும்போது டீக்கடைக்கு எதிர்வீட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ஹேடோ வார்ஃபில் கிரேன் ஓட்டுகிற வேலை. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் டீசல் வாசனையும், தார் பூசிய கயிற்றின் வாசனையும், மர மில்லிலிருந்து ஈரத்தூள் வாசனையும் மாறி மாறி வரும். கப்பல் சங்கு ஊதினால் எல்லா வீட்டு ஆண்களும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். மெயின்லேண்டிலிருந்து வெங்காயம் வரும், சிமென்ட் வரும், கடிதம் வரும், புது மருமகள் வருவாள். எல்லாவற்றோடும் ஒரு வாரப் பழைய பேப்பர் கட்டும் வரும்.

அந்தப் பேப்பருக்குத்தான் உயிரை விடுவார்கள். வார்ஃப் கேட்டுக்குப் பக்கத்தில், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் தாதா என்று கூப்பிடுகிற பெங்காலி ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். கல்கத்தாவில் நடக்கிற லீக் ஆட்டத்தில் யார் முன்னால் என்று அவர்தான் உரக்கப் படிப்பார். படித்தபடியே இந்தியில் மாற்றிச் சொல்லுவார். கேட்டவர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ரேடியோ வைத்திருந்த ஒருவருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆனால் பேப்பர் வருவதற்குள் அவர் வாயைத் திறந்தால் ஒரு மாதம் டீ கிடையாது என்று தாதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துபோன ஃபைனலுக்கு இவர்கள் இங்கே பந்தயம் கட்டுவார்கள். என் அப்பா முருகன் கோயிலில் சூடம் ஏற்றுவார். முடிந்த ஆட்டத்துக்கு எதற்குச் சூடம் என்று அம்மா கேட்டால், "எனக்கு இன்னும் முடியலையே" என்பார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம் கல்கத்தாவைக்கூட மறக்கும்படி எங்களுக்கே ஒரு ஆட்டம் வந்து சேர்ந்தது. மழை விட்டதும் தீவில் இரண்டாம் டிவிஷன் ஆரம்பித்தது. ஒரே ஒரு டீம்தான் முதல் டிவிஷனுக்கு ஏறலாம். கடைசி ஆட்டம் வரும்போது ஜங்லிகாட் ஒரு புள்ளி முன்னால், ஹேடோ அடுத்தது. கடைசி ஆட்டமே அந்த இரண்டுக்கும்தான். ஜங்லிகாட்டுக்கு டிரா போதும். நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும். இந்தக் கணக்கை நான் பெருக்கல் வாய்ப்பாட்டைவிட நன்றாகச் சொல்லுவேன். குவார்ட்டர்ஸில் குழந்தைகளை நிறுத்திவைத்துக் கேட்பார்கள்.

என் தாய்மாமன் எங்கள் வீட்டில்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று வருடத்துக்கு முன்னால் கப்பலேறி வந்தவர். வார்ஃபில் தினக்கூலி மஸ்தூர். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பு. ஆனால் பந்து காலில் பட்டால் ஆள் வேறு. டீம் முதல் டிவிஷனுக்கு ஏறினால் ஆடுகிற மஸ்தூர்களை நிரந்தரமாக்கிவிடலாம் என்று ஆபீஸில் ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான் என்று அப்பாவும் முடிவாகச் சொல்லிவிட்டார். ஊரில் ஒன்றும் இல்லை. இருந்த வயலும் போயிருந்தது. அம்மா இதையெல்லாம் அடுப்படியில் சொல்லி அழுவாள். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

தோல் பந்து எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதற்கு வயிற்றில் கயிறு கட்டித் தைத்திருக்கும். ஈரத்தில் கல்லாகிவிடாமல் இருக்க மாமன் அதற்கு ஆமணக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பார். என் தலைக்கும் அதே எண்ணெய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். உங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஆபீஸர் கதைக்கு வருகிறேன். கடைசி ஆட்டத்துக்குத் தலைமை விருந்தினராக மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக இரண்டரைக்கு ஆட்டம். அவர், வெயில் தாழட்டும், நாலு மணிக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் ஊரில் நாலு மணிக்கு நல்ல வெயில் இருந்திருக்கும். நம் ஊரில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும் என்று நமக்குத் தெரியும், கோழிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கப்பலில் வந்திறங்கி பத்து நாள்கூட ஆகவில்லை பாவம்.

யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? அதுதான் வேடிக்கை. ரெஃப்ரி சொல்லுவார் என்று செக்ரட்டரி இருந்தார். செக்ரட்டரி சொல்லுவார் என்று ரெஃப்ரி இருந்தார். என் அப்பாவிடம் அம்மா கேட்டதற்கு, "சாஹிப் சொல்லிட்டாரு, நம்ம என்ன சொல்ல?" என்று முடித்துக்கொண்டார். அத்தனை பெரிய மனிதர்களும் இருட்டப்போகிறது என்று தெரிந்தே இருட்டுக்குள் நடந்து போனார்கள். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாததா என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கும்போதே நாலே கால். ஆபீஸர் வந்து, மாலை போட்டு, கை குலுக்கி முடிக்க அவ்வளவு நேரம். கோட்டோரம் முழுக்க ஆண்கள். பெண்கள் தூரத்தில் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில். என்னை அங்கே இருக்கச் சொன்னாள் அம்மா. நான் இருக்கவில்லை. ஜங்லிகாட் கோலுக்குப் பின்பக்கம் புதர், புல்லெல்லாம் அட்டை. அதற்குப் பயந்து யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். நான் இடைவேளையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கே போய் நின்றேன். மாமன் இரண்டாவது பாதியில் அந்தக் கோலை நோக்கித்தான் ஓடி வருவார். கிட்டத்தில் பார்க்க வேண்டும் எனக்கு.

கோல் கம்பம் இந்தத் தீவுக் காட்டுச் சிவப்பு மரம், படாக். வெள்ளை அடித்தது மழையில் கரைந்து சிவப்பு தெரிந்தது. வலை என்று கட்டியிருந்தது மீன்பிடி வலை. ஜங்லிகாட் தெலுங்குக்காரர்கள் கழித்துப்போட்டது. மீன் வாசனை போகவே இல்லை. அதன் பக்கவாட்டில், கம்பத்தை ஒட்டி, என் தலை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். நான் நின்றது அந்தக் கிழிசலுக்கு மூன்று முழம் தள்ளி.

ஐந்து மணி தாண்டியதும் ஆட்டக்காரர்களின் சட்டை நிறம் போய்விட்டது. பிறகு முகம் போனது. பந்து எங்கே என்று தெரியவில்லை, உதைக்கிற சத்தம்தான். ரெஃப்ரி நிறுத்தவில்லை, சாஹிப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே. கோல் எதுவும் விழவில்லை. டிரா என்றால் ஜங்லிகாட். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

அப்போது ஒரு ஆள் ஓடி வருகிற காலடி. மாமனுடைய ஓட்டம் எனக்குத் தெரியும். டம் என்று ஒரு சத்தம். கீப்பர் கம்பத்தோரம் பாய்ந்து விழுந்தார். பந்து அவர் விரலுக்கும் வெளியே, கம்பத்துக்கும் வெளியே வந்தது. என்னை நோக்கி வந்தது. வந்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கிழிசல் வழியாக வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று முழத்தில் பார்த்தேன். அந்த எண்ணெய் வாசனைகூட வந்தது.

அந்தப்பக்கம் ஒரே கூச்சல். ரெஃப்ரி ஓடி வந்து குனிந்து பார்த்தார். பந்து வலைக்குள் இருந்தது. விசில் ஊதினார்.

கீப்பர் எழுந்திருக்கக்கூட இல்லை. முழங்காலில் நின்றபடி என் பக்கம் திரும்பினார். அந்த இருட்டில் அங்கே நின்ற ஒரே ஆள் நான்தான். "தேக்கா நா, பேட்டி? பாஹர் கயா நா?" என்று கேட்டார். பார்த்தாய்தானே, வெளியேதானே போனது என்று. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாவிட்டால் இங்கே எல்லோருக்கும் இந்திதான். ஒரு பெரிய மனிதர் என்னிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் ஓடிவிட்டேன். காலில் அட்டை கடித்துத் தொங்கியதுகூடத் தெரியாமல் வீடுவரைக்கும் ஓடினேன்.

ஹேடோ ஏறிவிட்டது. குவார்ட்டர்ஸில் கேசரி கிண்டினார்கள். மாமனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேசரித் தட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டார். களைப்பு என்று அம்மா சொன்னாள். அடுத்த மழைக்கு முன்னால் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அம்மா அழுகையை நிறுத்தினாள். நான் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். சொல்லாததற்காகச் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கெட்டது கீப்பருக்குத்தான். முப்பத்துமூன்று வயது, அவருக்கு அதுதான் கடைசி சீசன். முதல் டிவிஷன் புல்லில் ஒரு நாளாவது நிற்கவேண்டும் என்று பன்னிரண்டு வருடம் ஆடியவர். ஆட்டம் போனதுகூடப் பெரிசில்லை. என் அப்பா தாதாவின் கடையில் விளையாட்டாக, "கீப்பர் நம்ம ஆளுதான், பேசி வச்சாச்சு" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். விளையாட்டு என்று ஹேடோவில் எல்லோருக்கும் தெரியும். ஜங்லிகாட் போய்ச் சேரும்போது அது செய்தியாகிவிட்டது. விலைபோனவன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் மறுபடி கிளவுஸைத் தொடவில்லை.

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பந்து வெளியே போனது, அங்கே ஒரு பெண் நின்றாள், இரட்டைச் சடை, அவள் பார்த்தாள். அந்தப் பெண்ணைத் தேடி ஹேடோவுக்கே இரண்டு தடவை சைக்கிளில் வந்தாராம். அட்டைப் புதரில் எந்தப் பெண் போய் நிற்பாள் என்று சிரித்து அனுப்பினார்கள். விலைபோனவன் என்ற பெயரோடு புளுகன் என்ற பெயரும் சேர்ந்தது. அந்த இரண்டு நாளும் நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து எனக்கு அந்த வீட்டிலிருந்தே சம்பந்தம் வந்தது. நம்புங்கள், நான் எதுவும் செய்யவில்லை. முருகன் கோயிலில் கீப்பரின் மனைவி என்னைப் பார்த்து, அம்மாவிடம் பேசி, ஜாதகமும் கேட்டுவிட்டார். பட்டறை வைத்திருக்கிறார்கள், பையன் தங்கமானவன், சொந்த வீடு. அப்பாவுக்குச் சம்மதம். தாய்மாமன் மட்டும், "அந்த வீடா? வேண்டாமே" என்று முகம் வெளுத்துப்போய்ச் சொன்னார். பழைய போட்டி இன்னும் மனசில் இருக்கிறது என்று அம்மா அவரைக் கண்டித்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் பையனைப் பார்த்தேன், பிடித்துவிட்டது. என்ன செய்ய?

கல்யாணத்தன்று ஜங்லிகாட்டில் பேசிக்கொண்டார்களாம், அன்றைக்கே சம்பந்தம் பேசித்தான் கோலை விட்டிருக்கிறான் என்று.

முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் மாமனார். தாயி என்றுதான் கூப்பிடுவார். என் முதல் பிரசவத்தின்போது ஆட்டோ கிடைக்காமல் பட்டறையில் ரிப்பேருக்கு வந்திருந்த யாருடைய வண்டியிலோ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் பதினோரு தடவை போய் வந்தவர். ஆனால் சீசன் முடிகிற மாதம் வந்தால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லுவார். "ஒரு பொண்ணு நின்னுச்சு," என்று அவர் ஆரம்பிக்கும்போது நான் டீ டம்ளர்களோடு உள்ளே வருவேன். ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். மாமியார் இருந்தவரை பயம். பிறகு தாய்மாமன் வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும் என்று இருந்தேன். ஓய்வு பெற்றபின் இனி சொல்லி என்ன என்று தோன்றியது. சாக்குக்கா பஞ்சம்?

தாய்மாமனும் ஓய்வுக்குப் பிறகு ஜங்லிகாட்டுக்கே வீடு மாற்றி வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் மாமனாருக்குப் பக்கத்தில்தான் இடம். மாமனார் அவரை, அவர் ஆடிய இடத்தின் பெயரால், சென்டர் என்பார். அவர் இவரை கீப்பர் என்பார். சண்டையில் குரல் ஏறும். ஒரு பஜ்ஜியை இரண்டாகப் பிட்டுத் தின்பதும் நடக்கும்.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கோப்பை ஃபைனலை என் மகன் டிவியில் போட்டுத் தாத்தாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு கோல் விழுந்தது. ரெஃப்ரி கொடுக்காமல் ஓரத்தில் இருந்த சின்னத் திரையில் போய்ப் பார்த்தார். பந்தை நிறுத்தி நிறுத்தி, நாலு பக்கத்திலிருந்தும் காட்டினார்கள். கோல் இல்லை என்று திரும்பி வந்து கையை அசைத்தார். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் கேமரா இருக்கிறது தாத்தா, உங்கள் காலத்தில் இருந்திருந்தால் எப்படி என்று மகன் கேட்டான்.

"எனக்கும் ஒரு கேமரா இருந்துச்சுப்பா," என்றார் மாமனார். "ஓடிப்போச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் கையில் இருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது.

மகன் போனபின், சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "மாமா, அந்தப் பொண்ணு நான்தான்," என்றேன்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்துவந்து கோல் கம்பம் மாதிரித் தரையில் வைத்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார்.

"காட்டு, தாயி."

காட்டினேன். டம்ளருக்கு வெளியே எவ்வளவு தூரம் என்று கேட்டார். தரையில் எங்கே பட்டது, கிழிசல் எவ்வளவு உயரத்தில், தன் கை எங்கே இருந்தது, எல்லாம் கேட்டார். நான் எலுமிச்சம்பழத்தை உருட்டினேன். மறுபடி உருட்டச் சொன்னார். நாலு தடவை உருட்டினேன். கடைசியில் தன் வலதுகை விரல்களை விரித்து, டம்ளருக்கு வெளியே போகிற பழத்துக்குக் குறுக்கே நீட்டிப் பார்த்துக்கொண்டார். எட்டவில்லை.

"எட்டாதுல்ல?" என்றார்.

"எட்டாது மாமா. எட்டவும் வேண்டியதில்ல. அது வெளியதான் போச்சு."

நான் அழுதுவிட்டேன். சின்னப் பிள்ளை, மாமனுக்கு வேலை போய்விடும் என்று பயம், அதுதான் ஓடினேன் என்று என்னென்னமோ சொன்னேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவர், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எண்பத்தொரு வயதில் அவர் மூன்றாம் தடவை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். இன்றைக்குத் தாய்மாமன் மானம் சந்தி சிரிக்கப்போகிறது, என் பெயரும்தான். வாசலில் நின்று பார்த்தேன். ஸ்கூட்டர் சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை. சத்தம் போட்ட மாதிரியும் இல்லை. அரைமணியில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாய்மாமன் வாசலில். முகம் வீங்கியிருந்தது.

"ஏ பிள்ள, ஒங்க மாமனாருக்கு என்ன ஆச்சு? ஒடம்புக்கு நல்லாத்தானே இருக்காரு?"

நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன்.

"நேத்து கடையில வந்து எல்லாரு முன்னாலயும், அது கோல்தான்னு ஒத்துக்கிட்டாரு. சென்டர் அடிச்சது கோலு, நான்தான் விட்டுட்டேங்காரு. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

தாய்மாமன் படியில் உட்கார்ந்துவிட்டார். தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது கோல் இல்ல பிள்ள. நான் அடிச்ச பந்து எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குக் கேசரியைத் தள்ளிவைத்ததும், கல்யாணத்துக்கு வேண்டாம் என்றதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. எவ்வளவு திமிர் எனக்கு.

மாமனார் உள்ளேயிருந்து வந்தார். காது மந்தம் என்றேனே, இந்த மாதிரி விஷயம் மட்டும் நன்றாகக் கேட்கும். தாய்மாமன் எழுந்து கைகூப்பப் போனார். மாமனார் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"அந்த வேலைய ஒழுங்கா பாத்தியா?"

"பாத்தேன் கீப்பர். ஒரு நாள் லேட்டா போனதில்ல."

"மூணு பிள்ளைய படிக்க வச்சேல்ல?"

"ஆமா."

"அப்பக் கோல்தான்," என்றார் மாமனார்.

தாய்மாமன் தேம்பித் தேம்பி அழுதார். நான் இரண்டு பேருக்கும் டீ போடுகிறேன் என்று உள்ளே போய் அங்கே நின்று நானும் அழுதேன். துக்கமில்லை. வருடக்கணக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு விட்ட மாதிரி இருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலமே தாய்மாமன் டீக்கடையில் எழுந்து நின்று, அது கோல் இல்லை, கிழிசல் வழியாகப் போன பந்து, கீப்பர் யாருக்கும் விலைபோகவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டார். கடையே எழுந்து நின்றதாம். மலையாளி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாராம். காலையில் டீ கொடுக்கும்போது நான் அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேனே, அந்தப் பெண் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். இப்போது நான் அந்தப் பக்கம் போனாலே "கேமரா வருது" என்கிறார்கள்.

ஆனால் மாமனார் விடவில்லை. ரெஃப்ரி விசில் ஊதினார், பந்து வலைக்குள் கிடந்தது, அது கோல்தான் என்று பெஞ்சைத் தட்டுகிறார். இல்லவே இல்லை, கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் என்று தாய்மாமன் கத்துகிறார். அடித்தவன் சொல்கிறேன், உனக்கென்ன தெரியும் என்கிறார். வாங்கினவன் சொல்கிறேன், நீ என்னடா என்கிறார் இவர். நேற்றும் விளக்கு வைக்கிற நேரம்வரை இதே சண்டை. சாப்பாடு ஆறுகிறது, இரண்டு பேரும் வாங்க என்று வாசலில் நின்று நான்தான் கூப்பிட்டேன்.